வாசலை நகர்த்தியவர்

வாசல் தானாக நகரும் என்று யாராவது சொல்லியிருந்தால், "போய் முகத்தைக் கழுவிட்டு வா" என்று அனுப்பியிருப்பேன். ஆனால் மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு, ஒரே நிறச் சட்டை போட்ட நாங்கள் பன்னிரண்டு பேரும் போய் நின்றபோது, முந்தின நாள் ரோட்டுப் பக்கம் விட்டுப்போன வாசல் அங்கே இல்லை. வீட்டுக்குப் பின்னால், சந்துப் பக்கம் போயிருந்தது.

வீடு என்று சொன்னேனே தவிர, அன்றைக்கு அது வீடு இல்லை. ஒரு கான்கிரீட் தளம், அதன் மேல் சாந்து இல்லாமல் சும்மா அடுக்கிய ஒரு வரிசைக் கல். அவ்வளவுதான். முதல் வரிசையை இப்படி வெறுமனே வைத்துப் பார்த்து, மூலையும் அளவும் சரி என்று தெரிந்த பிறகுதான் சாந்து போட்டு உட்காரவைப்பார் என் வீட்டுக்காரர். அவர் கொத்தனார். பன்னிரண்டு பேரில் கரண்டி பிடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான்; மற்றவர்களெல்லாம் ஆபீஸ், காலேஜ், பேங்க். வெளிநாட்டில் ஏழைக் குடும்பங்களுக்கு வீடு கட்டிக்கொடுக்கும் ஊழியம் என்று சபையில் அறிவித்தபோது அவரைத்தான் கேட்டார்கள். தையல்காரியான நான் வாலாக ஒட்டிக்கொண்டேன். "அவ வரலன்னா நிம்மதியா கல்லு வைப்பேன்" என்று அவர் சொன்னதைக் கேட்டுச் சபையே சிரித்தது.

சபையில் எனக்கு ரேடியோ என்று பேர். ஒரு விஷயம் என் காதில் விழுந்தால் ஆராதனை முடிவதற்குள் கடைசி பெஞ்சுக்குப் போய்விடும் என்பார்கள். பொய் இல்லை. அதைவிடப் பெரிய வியாதி, எனக்குத் தெரியாமல் ஒன்று இருந்தால் சோறு இறங்காது. இப்போது ஒரு வாசலே நகர்ந்திருக்கிறது. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

"ஆடு ஏதாவது தள்ளியிருக்கும்" என்றார் செயலர் ஐயா. சபைச் செயலர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். விமானத்துக்குள்ளேயே எங்களுக்கு ஆஜர் எடுத்தவர்.

"ஆடு கல்லைத் தள்ளும் ஐயா. தள்ளின கல்லைத் தூக்கி இந்தப் பக்கம் அடுக்கி, அந்தப் பக்கம் மூணரை அடி வாசல் விடுமா?" என்று கேட்டுக்கொண்டே என் வீட்டுக்காரர் டேப்பை இழுத்து அளந்தார். மூணரை அடி. ஒரு விரல்கூட முன்னே பின்னே இல்லை. "யாரோ வேலை தெரிஞ்ச ஆளு" என்றார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மரியாதைக் குரலை நான் கேட்டதே இல்லை.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். முன்னால் லாரிகள் ஓடுகிற பெரிய ரோடு. பின்னால் அமைதியான சந்து. நடுவில் எங்கள் தளம். தளத்தை ஒட்டி ஒரு தகர வீடு, அதன் கதவு சந்துப் பக்கம். அதில்தான் குடும்பம் இருந்தது, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர். அந்த அம்மா ஒரு லாண்டரியில் வேலை. அவர் வீட்டுக்காரருக்குச் சந்தின் எதிர்ப்புறம் சைக்கிள் பங்ச்சர் கடை.

முதல் நாளே அந்த அம்மா ஒன்று கேட்டார். எங்களுக்கு மொழிபெயர்க்க ஒரு நர்ஸ் வருவார். எங்கள் பக்கம் வந்து நர்சிங் படித்தவர், பாடப்புத்தகம் மாதிரித் தமிழ் பேசுவார், தினமும் பத்து மணிக்குத்தான் வருவார். அவர் மூலமாகக் கேட்டார்: வாசலைச் சந்துப் பக்கம் வைக்க முடியுமா? செயலர் ஐயா வரைபடத்தை விரித்து அன்பாகத்தான் விளக்கினார். ரோட்டைப் பார்த்த வாசல்தான் வீட்டுக்கு மதிப்பு. வாசலுக்கு மேல் சபையின் பேர்ப் பலகை வரும். சாவி கொடுக்கும்போது வாசல், பலகை, குடும்பம், நாங்கள் எல்லாரும் ஒரே போட்டோவில் விழ வேண்டும். "இவ்வளவு தூரம் வந்திருக்கோம், உங்களுக்குக் கெட்டதா செய்வோம்?" அந்த அம்மா சரி என்று தலையாட்டினார். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. நான்கூடக் கேட்கவில்லை, அதுதான் அதிசயம்.

வீடு சும்மா கிடைப்பதில்லை. படிவத்தில் ஒரு நிபந்தனை உண்டு. வேலை செய்யக்கூடிய பெரியவர்கள் இரண்டு பேர் வீட்டில் இருக்க வேண்டும். ஆளுக்கு நூறு மணி நேரம் கட்டட வேலை செய்ய வேண்டும். அந்த அம்மா காலையில் எங்களோடு இரண்டு மணி நேரம் தண்ணீர் சுமந்துவிட்டுத்தான் லாண்டரிக்கு ஓடுவார். அவர் வீட்டுக்காரர் நாங்கள் போன பிறகு சாயங்காலத்தில் வேலை செய்கிறார் என்று சொன்னார்கள். தினமும் காலையில் சலித்த மணல் மாவு மாதிரிக் குவிந்திருக்கும். ஆளை மட்டும் தளத்துப் பக்கம் பார்க்க முடியாது.

எனக்கு அந்த மனுஷனைப் பிடிக்கவில்லை. இரண்டாம் நாள் நானே டீ எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பாஷை தெரியாதே, சிரித்துக்கொண்டே நீட்டினேன். அவர் கையை நீட்டவே இல்லை. காற்றடித்த டியூபைக் கன்னத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கை வலித்து, டம்ளரை அவர் பக்கத்தில் தகரப் பெட்டி மேல் நங்கென்று வைத்துவிட்டு வந்தேன். வீடு கட்டிக்கொடுக்க வந்தவள் கையால் ஒரு வாய் டீ வாங்கினால் குறைந்தா போய்விடும்? அன்றைக்கு முழுக்க எனக்கு வயிறு எரிந்தது.

மூன்றாம் நாள் வாசலைத் திரும்ப ரோட்டுப் பக்கம் மாற்றினோம். நான்காம் நாள் காலையில் பார்த்தால் மறுபடியும் சந்துப் பக்கம். அதே இடம், அதே அளவு. திரும்பவும் ரோட்டுப் பக்கம் மாற்றினோம். சிமென்ட் லாரி இன்னும் வராததால் சாந்து போட்டு உட்காரவைக்கவும் வழி இல்லை. செயலர் ஐயா காலை ஜெபத்தில் சத்துருவின் தந்திரங்களைக் கட்டிவைக்கும்படி வேண்டினார். சத்துரு டேப் வைத்து அளக்குமா என்ற சந்தேகத்தோடு நான் ஆமென் சொன்னேன்.

லாரி வராத நாளில் சும்மா இருப்பானேன் என்று, அன்று மத்தியானம் பெண்கள் ஐந்து பேரையும் அந்தத் தகர வீட்டின் முற்றத்தைச் சுத்தம் செய்ய அனுப்பினார் ஐயா. திட்டத்தாளில் அதற்குப் பேர் குடும்ப ஊழியம். அந்த அம்மா லாண்டரியில், அவர் கடையில். கேட்பதற்கு ஆள் இல்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவும் இல்லை. பழைய டின், உடைந்த வாளி எல்லாம் குப்பைக்குப் போனது. தகரச் சுவரோரம் இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தது. துணிக்கயிற்றை இவ்வளவு தாழ்வாகவா கட்டுவார்கள் என்று அவிழ்த்துச் சுருட்டினேன். கதவிலிருந்து சந்து வரைக்கும் தட்டைக் கற்கள் கோணல்மாணலாகப் பதிந்து கிடந்தன. யார் காலாவது தடுக்கும் என்று ஒவ்வொன்றாகப் பெயர்த்து மூலையில் குவித்தேன். ஒன்பது கல். முதுகு ஒடிந்தது. முடித்துப் பார்த்தால் முற்றம் துடைத்துவிட்ட தட்டு மாதிரி இருந்தது. சந்தோஷமாக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டோம்.

ஐந்து மணிக்கு எல்லாரும் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார்கள். கத்தரிக்கோலை மறந்துவிட்டேன் என்று சொல்லி நான் மட்டும் திரும்பி வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். கத்தரிக்கோல் இடுப்பில்தான் இருந்தது. கர்த்தர் மன்னிப்பார். வாசலை நகர்த்துவது யார் என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

ஆறு மணிக்குப் பங்ச்சர்காரர் கடையைச் சாத்தினார். விறுவிறுவென்று குறுக்கே நடந்து வந்தார். முற்றத்தின் விளிம்பில் வலது காலை வைத்தார். கால் எதையோ தேடியது. கொஞ்சம் தள்ளி வைத்தார். பின்னால் எடுத்து இடப்பக்கம் வைத்தார். பிறகு நின்றுவிட்டார்.

அவர் கால் தேடியது கல்லை. நான் பெயர்த்த கல்லை. அவருக்குக் கண் தெரியாது.

டீ, கசிகிற காற்றைத் தேடிக் கன்னத்தோடு வைத்த டியூப், பிடித்து நடக்கிற இடுப்பு உயரக் கயிறு, எல்லாம் ஒன்றாக வந்து என் முகத்தில் அறைந்தது. அவர் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தார். நாங்கள் விட்டுப்போன தள்ளுவண்டியில் முழங்கால் இடித்தது. குனிந்து தரையைத் தடவினார், எழுந்தார், வேறு பக்கம் திரும்பிவிட்டார். தினமும் நடக்கிற சொந்த முற்றத்தில் அந்த மனுஷன் தொலைந்துபோய் நின்றார். அப்புறம் திட்ட ஆரம்பித்தார். பாஷை தெரியாவிட்டாலும் திட்டு எது என்று தெரியாமல் போகுமா? எங்களைத்தான் திட்டினார். ஒன்றுவிடாமல் வாங்கிக்கொண்டேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பார்கள்; சபைக்காரி சொல்லக் கூடாத பழமொழிதான், ஆனால் வேறு எதுவும் பொருந்தவில்லை. ஓடிப்போய்க் குவியலிலிருந்து ஒரு கல்லைத் தூக்கி வந்தேன். வந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அவர் என் காலடிச் சத்தத்தைக் கேட்டு அதட்டினார். நான் என்ன பதில் சொல்வது? கத்தரிக்கோலால் கல்லைத் தட்டினேன். டக், டக். அவர் பேச்சை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துக் கல்லின் மேல் வைத்தேன்.

ஓரத்தைத் தடவினார். உடைந்த முனை ஒன்று கையில் பட்டதும் நான்கு விரலைக் காட்டினார். அது நாலாவது கல். ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தேன், அவர் தடவித் தடவி ஏழு, இரண்டு, ஒன்பது என்று விரல் விட்டார். பிறகு கையைப் பிடித்து அவரைத் தகர வீட்டுக் கதவுக்குக் கூட்டிப்போனேன். அங்கேயிருந்து மண்ணைச் சாண் போட்டு அளந்து, ஒன்று முதல் ஒன்பது வரை பதித்தார். எழுந்து ஒருமுறை சந்து வரை நடந்து பார்த்தார், திரும்பி வந்தார். ஐந்தாவது கல்லை மட்டும் குதிகாலால் கொஞ்சம் நகர்த்தினார். நான் கயிற்றைக் கட்டினேன்.

அதோடு விடவில்லை. நேராகத் தளத்துக்குப் போய், மூலையிலிருந்து சாண் போட்டு, கல்லைத் தூக்கி வாசலை நகர்த்த ஆரம்பித்தார். நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று தெரிந்தும் நகர்த்தினார். வாசல் ரோட்டுப் பக்கம் போனால் அவர் லாரிகளுக்கு நடுவில் நடந்து, தெருவைச் சுற்றி, கடைக்கு வர வேண்டும். தனியாக முடியாது. யாராவது கொண்டுபோய் உட்காரவைத்தால்தான் பிழைப்பு. அது எனக்கே புரிந்தது, பாஷை தேவைப்படவில்லை. கல்லின் மறுமுனையைப் பிடித்தேன். கையும் களவுமாகப் பிடிக்க வந்தவள் கூட்டுக் களவாணி ஆனேன். முடிந்ததும் அவர் ஒரு விரலை உதட்டில் வைத்தார். யாரிடம்? ரேடியோவிடம்.

மறுநாள் பத்து மணிக்கு நர்ஸ் வந்ததும் ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"சிஸ்டர், அவருக்குக் கண்ணு தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"பதினோரு வருடமாக அவருக்குக் கண் தெரியாது. தெருவுக்கே தெரியும்."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"யாரும் கேட்கவில்லையே" என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். போன வருஷம் பக்கத்துத் தெருவில் வேறு ஒரு குழு வந்தபோது, நடக்க முடியாத ஒருவர் வீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு அடுத்த பேருக்குக் கொடுத்துவிட்டார்களாம். அதனால் அந்த அம்மா படிவத்தில் உடல் குறை எதுவும் இல்லை என்று எழுதிவிட்டார். இப்போது உண்மை தெரிந்தால் வீடு போகும். தெரியாவிட்டால் வாசல் போகும். "தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள். அவர்கள் பயந்துபோய் இருக்கிறார்கள்."

அன்று மத்தியானம் சிமென்ட் வந்து இறங்கியது. மறுநாள் காலை முதல் வேலையாக ரோட்டுப் பக்கம் வாசல் விட்டுச் சாந்து போட்டுவிட வேண்டும் என்று செயலர் ஐயா உத்தரவு போட்டார். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்; அவரிடம் சொன்னால் சுவரிடம் சொன்ன மாதிரி, அது கணக்கில் வராது.

"ஏங்க, ரோட்டுச் சாக்கடைத் தண்ணி வாசல் வழியா உள்ள வந்துடும்னு ஐயாகிட்ட சொல்லுங்க."

"வராது. தளம் ஒன்றரை அடி ஒசந்திருக்கு."

"சும்மா சொல்லுங்களேன்."

"மட்டத்துல நான் பொய் சொல்ல மாட்டேன்."

"அப்ப அந்த மனுஷன் லாரிக்கு நடுவுல போய்ச் சாகட்டுமா?"

அவர் கரண்டியை ரொம்ப நேரம் கழுவிக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கு எல்லாரும் கிளம்பும்போது, "மூலை பாக்க வேண்டியிருக்கு, நீங்க போங்க" என்றார். எட்டு மணிக்குத் தங்கும் இடத்துக்கு வந்தபோது கையெல்லாம் சிமென்ட்.

காலையில் போய்ப் பார்த்தால் முதல் வரிசை சாந்தில் உட்கார்ந்து இறுகியிருந்தது. வாசல் சந்துப் பக்கம்.

"யாரைக் கேட்டு இப்படிப் பண்ணினீங்க?" செயலர் ஐயா குரல் ரோடு வரைக்கும் கேட்டது.

"இந்த வீட்டுக்குச் சொந்தக்காரர்தான் கல்லு வெச்சாரு ஐயா. நான் சாந்து குழைச்சுக் குடுத்தேன். என்னோடது சித்தாள் வேலைதான்" என்றார் என் வீட்டுக்காரர்.

ஐயா வரைபடத்தைப் பிடுங்கிக்கொண்டு பங்ச்சர் கடைக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். தண்ணீர் சுமந்துகொண்டிருந்த அந்த அம்மா குடத்தை அப்படியே இறக்கிவிட்டு ஓடிவந்தார். ஐயா வரைபடத்தைப் பங்ச்சர்காரர் முகத்துக்கு முன்னால் நீட்டி, "இங்க பாருங்க, வாசல் எங்க இருக்கு?" என்று கத்தினார். சத்தமாகப் பேசினால் தமிழ் எல்லாருக்கும் புரியும் என்பது அவர் நம்பிக்கை. பங்ச்சர்காரர் டியூபைக் கையில் வைத்துக்கொண்டு சத்தம் வந்த பக்கம் திரும்பினார். கையை நீட்டவில்லை.

வரைபடம் என் டீ மாதிரியே அந்தரத்தில் நின்றது. ஒரு வார்த்தை சொன்னால் வீடு போய்விடுமோ, சொல்லாவிட்டால் வாசல் போய்விடுமோ என்று தெரியவில்லை. பிறந்ததிலிருந்து முதல்முறையாக வாயைப் பொத்திக்கொண்டேன். ஐயா காகிதத்தை இலேசாக ஆட்டினார். அந்தக் கண்கள் அசையவில்லை. ஐயா அந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நாற்பது வருஷம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவருக்கு வேறு என்ன சொல்ல வேண்டும்?

ஐயா தளத்துக்குத் திரும்பினார். "அந்த ரசமட்டத்தைக் குடுங்க" என்று வாங்கி, முதல் வரிசை மேல் தானே வைத்தார். குமிழி நடுவில் நின்றது. நான்கு இடத்தில் வைத்துப் பார்த்தார். நான்கிலும் நடுவில்.

"இதை அவரா வெச்சாரு?"

"கையால தடவித் தடவி வெச்சாரு ஐயா. மணல் சலிச்சதும் அவர்தான்."

ஐயா பையிலிருந்து படிவத்தை எடுத்தார். "உடல் குறை இல்லன்னு எழுதியிருக்காங்க."

"வேலை செய்யக்கூடிய ரெண்டு பேர் வேணும்னு கேட்டிருக்கீங்க. ரெண்டு பேரும் செய்றாங்களே" என்றார் என் வீட்டுக்காரர்.

ஐயா கல் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார். "இந்தப் படிவத்தை டைப் அடிச்சது நான்தான். இந்தக் குறை பத்தின கேள்வியை எதுக்குப் போட்டேன்னு யோசிக்கிறேன், ஞாபகமே வரல" என்றார். பேனாவை எடுத்து அந்த வரியைக் குறுக்கே அடித்தார். பிறகு, "நிலை எங்க? சந்துப் பக்கம் கொண்டுவாங்க" என்றார். அந்த அம்மாவுக்கு வார்த்தை புரியவில்லை. நான்கு பேர் கதவு நிலையைத் தூக்கிக்கொண்டு சந்துப் பக்கம் நடந்தது புரிந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன்.

பத்து மணிக்கு நர்ஸ் வந்தார். ஐயா எங்கள் எல்லாரையும் கடை வாசலில் நிறுத்தி, "அவருக்கு நாங்க என்ன செய்யணும்னு கேளுங்க" என்றார். நாங்கள் வந்து ஆறு நாள் ஆகியிருந்தது. அதுதான் முதல் கேள்வி.

பங்ச்சர்காரர் நீளமாகப் பேசினார். தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"எடுத்த பொருளை எல்லாம் எடுத்த இடத்திலேயே வைக்கச் சொல்கிறார்" என்றார் நர்ஸ்.

"வேற?"

"முதலில் ஒரு பெண் டீ கொண்டுவந்து நங்கென்று வைத்தாராம். நீங்கள் வந்த பிறகு ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதானாம். சத்தம் வந்ததால்தான் டம்ளர் எங்கே இருக்கிறது என்று தெரிந்து குடித்தாராம். டீ நன்றாக இருந்ததாம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். அத்தனை ஊழியத்தில் அவருக்கு உதவியது என் கோபம் ஒன்றுதான்.

அன்று மத்தியானக் குடும்ப ஊழியத்தில், ஐந்து பெண்களும் குப்பையைக் கிளறி உடைந்த வாளியையும் பழைய டின்னையும் அந்த அம்மா காட்டிய இடத்தில் திரும்ப வைத்தோம். இரண்டு வாரத்தில் வீடு முடிந்தது. புது வாசலிலிருந்து முதல் கல் ஒரே காலடி தூரம். நினைவாக இருக்கட்டும் என்று பத்தாவதாக ஒரு நல்ல பளிங்குக் கல்லைப் பதிக்கக் கொண்டுபோனேன். "அவரு கணக்குல பத்து இல்ல" என்று என் வீட்டுக்காரர் தடுத்தார். நல்லவேளை. கடைக்குள்ளிருந்து எடுத்ததால், சாவி கொடுக்கும் போட்டோவில் பலகைக்குப் பக்கத்தில் பழைய டயர்கள் தொங்குகின்றன. வீடு ஏன் பின்பக்கம் பார்த்து நிற்கிறது என்று இன்றைக்கும் சபையில் கேட்கிறார்கள். என்னையும் கேட்டார்கள். சொல்லவில்லை.

கிளம்புகிற அன்று காலை அவர் புது வீட்டிலிருந்து தனியாக நடந்து கடைக்குப் போனார். என் உதடு ஒன்பது வரை எண்ணியது. அவர் நிற்கவில்லை, தயங்கவில்லை. உட்கார்ந்து, டியூபை எடுத்துக் கன்னத்தில் வைத்தார். நான் டீயைக் கொண்டுபோய், தகரப் பெட்டி மேல் என்னால் முடிந்த மட்டும் நங்கென்று வைத்தேன். கை நேராக வந்து எடுத்தது.